இளம்பச்சைப் பக்கம்: நான் கொடுத்த புகாரை நானே திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
உரிமையாளர்,
மருத்துவ அறிக்கைத் தட்டச்சுப் பணியகம்,
பூட்டு சாவிக் கடைக்கு மேல்மாடி,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
ஆய்வாளர் அவர்கள்,
கணினிக் குற்றத் தடுப்புப் பிரிவு.

பொருள்: எங்கள் பணியகத்தின் மூத்த தட்டச்சர்மீது நான் கொடுத்த புகார் தவறானது என்பதைத் தெரிவித்து, அவர் பெயரை நீக்கவும், உண்மையில் குற்றம் செய்தவராகிய என் உடன்பிறந்த தம்பிமீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற டிசம்பர் 11ஆம் நாள் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. இம்மனு கையால் எழுதப்பட்டிருப்பதற்குத் தாங்கள் முதலில் பொறுத்தருள வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சுத் தொழில் நடத்தும் ஒருத்தி பேனா பிடித்து மனு எழுதுவது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் நான் அடிக்கும் எழுத்தை வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்ற உறுதி கிடைக்கும்வரை என் கணினியைத் தொடுவதாக இல்லை. டிசம்பர் மாதப் புகார் மிக அழகாக, ஓரம் பார்த்து, ஒரு பிழையும் இல்லாமல் அச்சடிக்கப்பட்டிருந்தது. அதில் இருந்தது அத்தனையும் பொய். இதில் அடித்தல் திருத்தல் இருக்கும். தயவுசெய்து இதையே நம்பவும்.

2. மேற்படி புகாரில் நான் குற்றம் சாட்டியிருந்தவர் எங்கள் பணியகத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று என இரண்டு மூக்குக்கண்ணாடிகளுடன் உலவுவதால் எல்லோரும் அவரைக் கண்ணாடியக்கா என்றே அழைப்போம். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். நோயாளி ஒருவரின் அறிக்கையை அவர் திருட்டுத்தனமாகப் படமெடுத்து வெளியே அனுப்பினார் என்பது என் புகார். அவர் அப்படிச் செய்யவில்லை. சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்து இப்படிச் சொல்லவில்லை, ஐயா. அவர் செய்யவில்லை என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லவே இவ்வளவு தாள்கள்.

3. எங்கள் வேலை இது: காது மூக்கு தொண்டை மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தங்கள் முடிவுகளைப் பேசிப் பதிவு செய்வார்கள். அந்த ஒலிப்பதிவு எங்களுக்கு வரும். நாங்கள் ஆறு பெண்கள் அதைக் கேட்டு அறிக்கையாக அடித்து அனுப்புவோம். எங்களிடமிருந்து எந்தத் தாளும் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்காமல் வெளியே போனதில்லை. ஒருவர் அடித்ததை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் ஒரு காதில் ஹெட்போனை மாட்டி மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மறு காதால் வாசிப்பவரைக் கேட்பார். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே மேசையில் ஒரு தட்டு தட்டுவார். தாளின் அடியில் 'வாசித்தவர்', 'கேட்டவர்' என்று இரண்டு கோடுகள் இருக்கும். இருவரும் கையெழுத்திட வேண்டும். இதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்து வைத்துக்கொள்ளவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒருவருடைய வலது காதை நான் இடது காதாக்கி வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து வந்த பழக்கம் இது. பதினொரு ஆண்டுகளாக நான் வாசித்தால் கேட்டவர் கண்ணாடியக்கா. அவருடைய தட்டுக்கு நான் பயந்திருக்கிறேன். ஒருமுறைகூட அது வீணாகப் போனதில்லை.

4. கடந்த ஜூன் மாதம் எங்கள் மாடிப்படியில் நடுவில் நான்கு படிகள் பெயர்ந்து விழுந்தன. யாருக்கும் அடிபடவில்லை. கட்டட உரிமையாளர் சொன்ன இரண்டு வாரம் ஐந்து மாதமாக நீண்டது. அத்தனை நாள் மருத்துவமனையைக் காக்க வைக்க முடியாது என்பதால் எல்லோரும் கணினிகளைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனோம். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். கண்ணாடியக்கா தையல் இயந்திரத்தை மூலைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஒருத்தி கட்டிலிலேயே உட்கார்ந்து அடித்து முதுகு வலி வாங்கிக்கொண்டாள்.

5. வீட்டிலிருந்து வேலை செய்தால் அறிக்கைகளுக்கு என்ன பாதுகாப்பு என்று மருத்துவமனை எழுதிக் கேட்டது. நியாயமான கேள்விதான். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஒரு துறை இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தம்பி இருப்பான், இல்லையென்றால் ஒரு மச்சான் இருப்பான். எனக்குத் தம்பி இருந்தார். (மரியாதை கருதி மனு முழுவதும் அவர் என்றே எழுதுகிறேன். வாயில் வருவது வேறு.) என்னைவிடப் பத்து வயது இளையவர். என் மடியில் உட்கார்ந்து என் பழைய தட்டச்சுப் பொறியில் தன் பெயரை அடித்துப் பழகியவர். பிற்பாடு கணினி படித்து அதிலேயே கெட்டிக்காரர் ஆனார். "நீ ஏங்க்கா கவலப்படுற, நான் இருக்கேன்ல" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆறு வீடுகளுக்கும் அலைந்து எல்லாக் கணினிகளையும் இணைத்துக் கொடுத்தார். எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு நோட்டில் எழுதித் தானே வைத்துக்கொண்டார். "உங்கிட்ட இருந்தா தொலைச்சிடுவ" என்றார். உண்மைதான், தொலைத்திருப்பேன். அவரிடம் இருந்தால் பத்திரம் என்று நினைத்தேன்.

6. அன்று அவர் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. எனக்கு வெள்ளைத் திரையைத் தொடர்ந்து பார்த்தால் கண்ணில் நீர் வரும். அதைக் கவனித்துவிட்டு அவராகவே என் கணினியில் மட்டும் பக்கத்தின் நிறத்தை இளம்பச்சையாக மாற்றி வைத்தார். நான் கேட்கவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் வெள்ளைதான். நான் அன்று பார்ப்பவர்களிடமெல்லாம் என் தம்பி எனக்குப் பச்சை வைத்துக் கொடுத்தான் என்று சொல்லித் திரிந்தேன். அச்சிட்டால் தாள் வழக்கம்போல வெள்ளையாகத்தான் வரும். பச்சை என் திரையில் மட்டும்.

7. வாசிக்கும் வழக்கத்தை வீட்டிலும் நாங்கள் விடவில்லை. இரண்டு பேர் திரையிலும் ஒரே அறிக்கை திறந்திருக்கும். ஒருவர் தொலைபேசியில் வாசிப்பார், மற்றவர் கேட்பார். மேசையில் தட்டினால் தொலைபேசியில் கேட்காது என்பதால் கண்ணாடியக்கா கரண்டியால் எவர்சில்வர் தம்ளரைத் தட்டுவார். ஐயா, இதையெல்லாம் நான் பெருமைக்காக எழுதவில்லை. மனிதர் செய்யும் பிழைக்கு எங்களிடம் இரண்டு காது, இரண்டு கையெழுத்து, ஒரு கரண்டி இருந்தன. மூன்றாவதாக ஒருவர் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றவே இல்லை.

8. நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். பள்ளி ஒன்றில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை ஒருவரின் அறிக்கையை நான் வாசித்தேன். அவருக்கு இடது காது கேட்கும் திறன் குறைந்து வருகிறது என்பது அறிக்கையின் சாரம். நான்காவது வரியில் அவர் வயது 36 என்பதற்குப் பதில் 63 என்று இருந்தது. கரண்டி சத்தம் கேட்டது, திருத்தினோம். ஆறாவது வரியில் இருக்கும்போது கண்ணாடியக்கா வீட்டு வாசலில் தண்ணீர் கேன் வந்தது. "நாலு நிமிஷம் இருங்கம்மா, இதோ வந்துடுறேன்" என்று போனார். நான் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் வந்த பிறகு ஒன்பதாவது வரியில் 'வலது காது' என்று தவறாக இருந்ததை 'இடது காது' எனத் திருத்தினோம். வாசித்தவர் நான். கேட்டவர் அவர். அவரவர் கோட்டில் பெயரை அடித்து, அதையே கையெழுத்தாக வைத்தோம்.

9. டிசம்பர் முதல் வாரத்தில் அந்த அறிக்கையின் படம் ஒன்று பெயரில்லாத மின்னஞ்சலில் மருத்துவமனைக்கும், அந்த ஆசிரியையின் பள்ளிக்கும் போனது. 'உங்கள் நோயாளிகளின் ரகசியம் சமையலறைகளில் கிடக்கிறது' என்று மேலே ஒரு வரி. பள்ளியில் யாரோ அதைப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார்கள். காது கேட்காதவர் பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க அதில் விவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். மறுநாள் அந்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டார். அவரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய காதைப் பற்றி மட்டும் எனக்கு எல்லாம் தெரியும், என்னால் அது ஊருக்கே தெரிந்துவிட்டது. மருத்துவமனை அன்றே எங்களுக்கு வேலை அனுப்புவதை நிறுத்தியது.

10. அப்போதும் ஓடி வந்தவர் என் தம்பிதான். அந்தப் படத்தின் நகலை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வந்தேன் என்று கறுப்பு வெள்ளையில் ஒரு தாளைக் காட்டினார். "கலர்ல எடுக்கலாம்னு பாத்தேன், கடையில மை இல்லக்கா" என்றார். அதில் வயது 36 என்று திருத்தியிருந்தது. காது மட்டும் இன்னும் வலதாகவே இருந்தது. ஆக, கண்ணாடியக்கா வாசலுக்குப் போனதாகச் சொன்ன அந்த நான்கு நிமிடத்தில் எடுத்த படம் அது என்று விளக்கினார். "தண்ணி கேன் வந்துச்சுன்னு யாரு பாத்தா? நீ பாத்தியா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்ற பட்டியலையும் அச்சடித்துக் காட்டினார். அதில் கண்ணாடியக்காவின் பெயருக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தார். அதற்கு மேல் வரியில் என் பெயரும் இருந்தது. அதற்குக் கோடு போடவில்லை.

11. புகாரை அவரே அடித்தார். எங்கள் மாடியில், என் நாற்காலியில் உட்கார்ந்து அடித்தார். அடியில் பழக்கத்தின்படி இரண்டு கோடுகள் வந்தன. நான் வாசிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன். காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன். கேட்டவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்திட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில் வாசிக்காமல் நான் வெளியே அனுப்பிய ஒரே தாள், ஐயா, தங்கள் கோப்பில் இருக்கும் அந்தப் புகார்தான்.

12. தங்கள் பிரிவினர் கண்ணாடியக்காவின் கணினியையும் ஹெட்போனையும் எடுத்துச் சென்றனர். இரண்டு நாள் அவரைத் தங்கள் அலுவலக நடைவழி பெஞ்சில் உட்கார வைத்தனர். மூன்றாம் நாள் அவர் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். படி அப்போது சரியாகிவிட்டிருந்தது. அவர் மேலே வராமல் பூட்டுக் கடை வாசலில் நின்றார். நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். "நீங்க வாசிச்சீங்க, நான் கேட்டேன். நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று அண்ணாந்து கேட்டார். நான் சன்னலைச் சாத்தினேன். இதைப் புகாரோடு சம்பந்தமில்லாத விஷயம் என்று தாங்கள் கருதலாம். எனக்கு இதுதான் புகார்.

13. இரண்டு மாதம் கழித்து, பிப்ரவரி 20ஆம் நாள், ஒப்பந்தம் முடிந்ததென்று மருத்துவமனை எங்கள் பணியகத்தின் கோப்பை எனக்குத் திருப்பி அனுப்பியது. கடைசித் தாளாக அந்தப் படம் இருந்தது. இம்முறை கலரில். நான் அதைக் கையில் எடுத்துவிட்டு, என்னவோ பழகிய பொருளைப் பார்ப்பதுபோல ஒரு கணம் ஒன்றும் தோன்றாமல் இருந்தேன். பிறகு புரிந்தது. பக்கம் இளம்பச்சையாக இருந்தது. அது கண்ணாடியக்காவின் திரை இல்லை. என் திரை.

14. அந்த நான்கு நிமிடமும் என் இடக்கையில் தொலைபேசி, வலக்கையில் ஆறிப்போன காப்பி. படம் எடுத்தது நான் இல்லை. என் வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆகவே எடுத்தவர் என் கணினிக்குள் இருந்தார். எங்கள் தெருவில் கணினி பழுது பார்க்கும் கடைக்காரரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அரைமணி நேரத்தில், தொலைவிலிருந்தபடி என் திரையைப் பார்க்கும் மென்பொருள் ஒன்று உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்தார். அது யார் கடவுச்சொல்லில் திறக்கிறது என்பதும், எந்தெந்த நாளில் திறந்தது என்பதும் அதிலேயே பதிவாகியிருந்தன. ஜூன் முதல் டிசம்பர் வரை நூற்றுக்கும் மேற்பட்ட தடவை. நவம்பர் 26, பதினொன்று இருபதும் அதில் இருக்கிறது. அந்த இணைப்புக்கு என் தம்பி வைத்திருந்த பெயர் 'அக்கா' என்பது. கடைக்காரரின் எழுத்துமூல அறிக்கையை இணைத்துள்ளேன். கீழ்க்கடைப் பூட்டுக்காரர் விஷயம் தெரிந்ததும், "பூட்டுக் கடைக்கு மேல உக்காந்துக்கிட்டு சாவியத் தூக்கிக் குடுத்த ஒரே ஆளு நீங்கதாம்மா" என்றார். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

15. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வீட்டுக்குப் போனேன். படத்தை மேசையில் வைத்தேன். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எங்கள் தொழிலையே செய்யும் பெரிய நிறுவனமொன்றில் பாதுகாப்பு ஆலோசகராகச் சேரும் பேச்சு அவருக்கு அக்டோபரிலிருந்தே நடந்திருக்கிறது. எங்களைப் போன்றவர்களிடம் உள்ள வேலையை அந்த நிறுவனத்துக்குக் கொண்டு போனால் வேலை உறுதி. எங்கள் மருத்துவமனையின் வேலை இப்போது அவர்களிடம்தான் இருக்கிறது. அவர் சொன்னவற்றை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தேன். சொல்லுக்குச் சொல் தருகிறேன்: "நீ எப்பவோ மூட வேண்டிய கடைக்கா அது. நான் ஒண்ணும் மூடல, ஓட்டை இருக்குன்னு காட்டினேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்புனா மூடி மறைச்சிடுவாங்க. கொஞ்சம் சத்தம் வேணும்ல, அதான் ஸ்கூலுக்கும் அனுப்புனேன்."

16. கண்ணாடியக்கா உனக்கு என்ன செய்தார் என்று கேட்டேன். "யாரு பேராவது வந்தாகணும். உன் பேரு வரக்கூடாதுன்னுதான் அவங்க பேர போட்டேன். உனக்காகத்தான்க்கா செஞ்சேன்" என்றார். சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் போ என்றார். ஓட்டை இருந்தது உண்மை. அந்த ஓட்டை அவரேதான். என்னை ஏமாற்றியதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். எனக்காக என்று சொல்லி என் கையாலேயே என் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைத் தள்ளிவிட வைத்தாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் வளர்த்த பிள்ளை என்று இனி எங்கும் சொல்ல மாட்டேன்.

17. எங்கள் தாயார் அவருடன்தான் இருக்கிறார். நான் இந்த மனுவைக் கொடுக்கப் போவதாகத் தெரிந்ததும் தொலைபேசியில், "கூடப் பொறந்தவன்டி. அவன் செஞ்சது தப்புதான், யாரு இல்லன்னா? அதுக்காக நீ போய் எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டார். அழைப்பை நான் துண்டிக்கவில்லை, அவர்தான் துண்டித்தார். அதன் பிறகு எடுப்பதில்லை. தங்கள் அலுவலக எழுத்தரும் நான் வாய்மொழியாக விசாரித்தபோது, "புகாரை வாபஸ் வாங்கணும்னா வாங்கிக்கோங்க. தம்பி மேல குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்கம்மா, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு அவர்தான் வந்து நிக்கணும்" என்று அக்கறையோடு சொன்னார். கண்ணாடியக்காவின் பெயரை டிசம்பரில் எழுதிக்கொண்டபோது இதே எழுத்தர்தான் இருந்தார். அப்போது யாரும் என்னை யோசிக்கச் சொல்லவில்லை. சொந்தம் இல்லாதவர் என்றால் யோசிக்க வேண்டியதில்லை போலும்.

18. இப்போது அவசரத்துக்கு வருகிறேன். கண்ணாடியக்காவுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் தட்டச்சர் வேலை கிடைக்கும் நிலையில் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த இடம் என்ற முறையில் அவர்களிடமிருந்து எனக்குக் கடிதம் வந்ததால்தான் இது எனக்குத் தெரியும். நன்னடத்தைச் சான்று மார்ச் 14ஆம் நாளுக்குள் வந்து சேர வேண்டும், புகார் நிலுவையில் இருப்பதால் காவல்துறை சான்று தர மறுத்துள்ளது என்று அதில் எழுதியிருந்தது. அந்த வேலையும் போனால், ஐம்பத்து மூன்று வயதில், ரகசியத்தை விற்றவர் என்ற பெயரோடு அவரை வேறு எந்த அலுவலகமும் வாசலில்கூட நிற்க விடாது. தட்டச்சு உலகம் சின்னது, ஐயா. ஒருவர் பேர் கெட்டால் எல்லா மேசைக்கும் போய்விடும்.

19. புகாரைத் திருத்தப் போவதைச் சொல்லக் கண்ணாடியக்கா வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி. பேருந்து நடத்துநரான அவர் கணவர்தான் கதவைத் திறந்தார். நிலைப்படியை மறித்து நின்றார். உள்ளேயிருந்து, "யாருங்க வந்திருக்கா?" என்று கண்ணாடியக்காவின் குரல் கேட்டது. கணவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "யாருமில்ல" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை.

20. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

(அ) மேற்படி புகாரிலிருந்து கண்ணாடியக்கா என்றழைக்கப்படும் மூத்த தட்டச்சரின் பெயரை முற்றிலும் நீக்கி, அவர் குற்றமற்றவர் என்று எழுத்தில் தந்து, மார்ச் 14ஆம் நாளுக்குள் பல்கலைக்கழகத்துக்குச் சான்று சேர ஆவன செய்ய வேண்டும். மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது.

(ஆ) அவருடைய கணினியையும் ஹெட்போனையும் அவர் வீட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வாங்கிப் போக அவரை மறுபடி அந்த பெஞ்சுக்கு வரவழைக்க வேண்டாம். ஹெட்போனின் இடப்பக்கப் பஞ்சு பிய்ந்து துணி வைத்துத் தைத்திருக்கும். அது அவருடையதுதான்.

(இ) என் தம்பிமீது புகாரைப் பதிவு செய்ய வேண்டும். மூலப் படம், பழுது பார்ப்பவரின் அறிக்கை, என் கணினி ஆகியவற்றை ஒப்படைக்கிறேன். டிசம்பரிலேயே தங்கள் பிரிவு மருத்துவமனையிடம் மூலப் படத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் பச்சை அன்றே தெரிந்திருக்கும். குற்றமாகச் சொல்லவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

(ஈ) படம் எப்படி வெளியே போனது என்பதை அந்தப் பாட்டு ஆசிரியைக்குத் தங்கள் அலுவலகம் வழியாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான் எழுதினால் அவர் பிரிக்கவே மாட்டார்.

(உ) வாசிக்காத புகாரில் கையெழுத்திட்டதற்காக என்மீது என்ன நடவடிக்கை உண்டோ அதையும் எடுக்கலாம். கூப்பிட்ட நாளில் வருகிறேன். அந்த பெஞ்சில் இரண்டு நாள் உட்காரத் தயாராக இருக்கிறேன்.

21. கடைசியாக ஒன்று. வேண்டுதல் பட்டியலில் சேர்க்கத் தெரியாமல் தனியாக எழுதுகிறேன். இந்த மனுவை எங்கள் மாடியில் கண்ணாடியக்காவின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து முழுதாக ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். நான்கு இடங்களில் பிழை பார்த்துத் திருத்தினேன். ஐந்தாவது ஒன்று எங்காவது இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். எனவே பதிவு செய்யும் முன்பு இதை அவரிடம் ஒருமுறை காட்ட வேண்டுகிறேன். அவர் அடிக்க நினைப்பதை அடிக்கட்டும். என்னைப் பற்றிச் சேர்க்க நினைப்பதைச் சேர்க்கட்டும்.

தங்கள் விரைவான நடவடிக்கையை நம்பி,

இடம்: பணியகம், மேல்மாடி.
நாள்: மார்ச் 3

(கையொப்பம்)
உரிமையாளர்

இணைப்பு: மூலப் படம், கலரில் – 1, கணினி பழுது பார்ப்பவரின் அறிக்கை – 1, பல்கலைக்கழகக் கடிதத்தின் நகல் – 1.

வாசித்தவர்: (கையொப்பம்)

கேட்டவர்: ........................
(இந்த இடம் கண்ணாடியக்காவுக்குரியது. அவர் கையெழுத்திட மறுத்தால் இப்படியே காலியாக இருக்கட்டும். அலுவலக முறைக்காகக்கூட வேறு யாரும் இதில் கையெழுத்திட வேண்டாம்.)